வடவங்காள வெள்ளமும் வாலிபத் தொண்டர்களும்

வடவங்காளம் வெள்ளத்தை அறியாத சீமையன்று. வடக்கேயிருந்து இறங்கி வரும் ஆத்ராய் நதியும், அதனோடு வந்து கலக்கும் சிறு யமுனையும் நாகரும், மழைக்காலந்தோறும் கரை மீறிப் பரந்து, தெற்கே சலன் பில் என்னும் பெரிய தாழ்நிலத்தைக் கடல்போல் ஆக்கிவிட்டு, வண்டலை வயல்களில் விட்டுச் செல்வது அந்நாட்டின் பழைய நியதி. நீர் ஏற ஏறத் தானும் உயர்ந்து தலைகாட்டும் ஆமன் நெல்வகைகளைத் தேர்ந்து, மேடிட்ட மண்ணின்மேல் குடிசை கட்டி வாழ்ந்த குடியானவன், நதியோடு ஒருவிதமான உடன்படிக்கை செய்துகொண்டே தலைமுறைகளைக் கழித்திருந்தான். அந்த உடன்படிக்கை 1922-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்துப் பெருமழையில் முறிந்துபோயிற்று. ராஜஷாஹி, போக்ரா ஜில்லாக்களில் ஊர் ஊராக மண்சுவர்கள் கரைந்து விழுந்தன; கதிர் வாங்கவேண்டிய பயிர் நீருக்கடியில் அழுகியது; கால்நடைகள் செத்து மிதந்தன.

மழை மிகுதிதான் காரணம் என்றது சர்க்கார் தரப்பு. கல்கத்தாவிலிருந்து வடக்கே சிலிகுரி நோக்கி ஓடிய ரயில்பாதையின் கரை, போதிய வாராவதிகள் இல்லாமல், நீர் போகும் வழிக்குக் குறுக்கே சுவராக நின்றதே காரணம் என்றனர் ஜனங்கள். இது வெறும் புலம்பலன்று. வங்காள மாகாணத்துச் சுகாதார இலாகாவின் தலைவராயிருந்த டாக்டர் பென்ட்லி, நதிநீர் தடையின்றிப் பரவிய நாட்டில் ரயில்கரைகளும் சாலைகளும் எழும்பியதனால் நிலமும் வளம் குன்றிற்று, மலேரியாவும் மிகுந்தது என்று உத்தியோக ஸ்தானத்திலிருந்துகொண்டே வாதித்து வந்தவர். அந்த ரயில்கரையே வெள்ளத்தில் தப்பியவர்களுக்கு நிற்க இடமும் தந்தது. உதவி வந்த மார்க்கமும் அதுவேயாயிற்று.

உதவி எங்கிருந்து வந்தது என்பதுதான் இக்கதையில் நாம் நின்று நினைக்கவேண்டிய பகுதி. ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய்க்கு அப்போது அறுபத்தொரு வயது. பாதரச நைட்ரைட் ஆராய்ச்சியால் மேல்நாட்டு விஞ்ஞானிகளின் மதிப்பைப் பெற்றவர். பெங்கால் கெமிக்கல் தொழிற்சாலையை நிறுவியவர். உடல் மெலிந்த பிரம்மசாரி. முந்தின வருஷம் தம் சொந்த ஜில்லாவாகிய குல்னாவில் பஞ்சம் வந்தபோது நிவாரண வேலையைத் தாமே ஏற்று நடத்தியிருந்தார். ஆகவே வங்காள நிவாரணக் கமிட்டி அமைந்தபோது, தலைமை அவரிடம் சென்றது இயல்பே. அவர் வேலை பார்த்த கல்கத்தா சயன்ஸ் காலேஜே கமிட்டியின் காரியாலயம் ஆயிற்று. சோதனைச்சாலைகள் இருந்த அக்கட்டடத்தில் நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்த பழந்துணிகள் குவிந்தன; பேராசிரியர்களும் மாணவர்களும் மூட்டை கட்டினார்கள், கணக்கெழுதினார்கள், கடிதங்களுக்குப் பதில் வரைந்தார்கள். இளம் பேராசிரியராக அங்கிருந்த மேகநாத ஸாஹாவும் அவர்களில் ஒருவர்.

நிவாரண ஸ்தலத்துக்குச் சென்றவர்களை நடத்தியவர் சுபாஷ் சந்திர போஸ். ஐ.சி.எஸ். உத்தியோகத்தை உதறிவிட்டு வந்து, ஒத்துழையாமையில் சிறை சென்று, விடுதலையாகிச் சில வாரங்களே ஆன இருபத்தைந்து வயது வாலிபர். சாந்தஹார் ரயில் ஜங்ஷனைத் தலைமை இடமாகக் கொண்டு அரிசியும் துணியும் மருந்தும் கிராமங்களுக்குப் பிரிந்து சென்றன. இந்த ஒழுங்கு ஒரே நாளில் பிறந்ததன்று. 1897-இல் முர்ஷிதாபாத் பஞ்சத்தில் சுவாமி அகண்டானந்தர் தொடங்கிய சேவை, 1908-இல் அர்த்தோதய யோகத்தின்போது கல்கத்தாவில் யாத்திரிகர்களைக் காத்த சுதேசி வாலிபர்களின் பழக்கம், 1913-இல் தாமோதர் நதி உடைத்துக்கொண்டபோது பர்த்வான் பக்கம் ஓடிய தொண்டர்களின் அநுபவம் ஆகிய இவையெல்லாம் சேர்ந்து, தொண்டு என்பது உணர்ச்சியோடு நில்லாமல் ஒரு வித்தையாகவே வங்காளத்தில் பயிலப்பட்டிருந்தது. வந்த இளைஞர்களில் பெரும்பாலோர் பட்டணத்துப் படித்த ஹிந்துக்கள். துன்புற்ற குடிகளில் பெரும்பாலோர் முஸ்லிம் விவசாயிகள். கிலாபத் காலத்து ஹிந்து-முஸ்லிம் நேசம் தளரத் தொடங்கியிருந்த அந்நாளில், அந்த வெள்ளத்து மண்சேற்றில் இவர்கள் ஒன்றாக நின்றதை நான் சிறிய விஷயமாக எண்ணமாட்டேன்.

ஆனால் அரிசி வழங்குவது எளிது. நீர் வடிந்து, பத்திரிகைகள் வேறு செய்திக்குப் போய்விட்ட பின்பு, விதையும் இல்லாமல், மாட்டுக்குத் தீனியும் இல்லாமல், கூரையும் இல்லாமல் நிற்கும் குடும்பத்தோடு யார் நிற்பது? கமிட்டியின் பெருமை இங்கேதான் இருக்கிறது. தீனியும் விதையும் கொடுத்தார்கள். குடிசை கட்டச் சாமான் கொடுத்தார்கள். பிறகு, தானம் வாங்கியே பழகிவிட்டால் மனிதன் கூனிப்போவான் என்று அஞ்சிய ராய், ஆத்ராய், தலோரா முதலிய இடங்களில் ராட்டையைக் கொண்டுவந்தார். பெங்கால் கெமிக்கலில் அவருக்கு வலக்கையாயிருந்த சதீஷ் சந்திர தாஸ்குப்தா பின்னர் அந்த உத்தியோகத்தையே துறந்து கதர்ப் பணிக்குத் தம்மை ஒப்படைத்தார். 1925-இல் வங்காளத்தில் சுற்றுப்பயணம் செய்த காந்தியடிகள் இந்தப் பகுதிக்கும் வந்து வேலையைப் பார்த்தார்.

ராட்டை எவ்வளவு தூரம் சோறு போட்டது என்று கேட்பது நியாயமே. கேட்டவர் சாமானியரல்லர், ரவீந்திரநாத தாகூர். ராட்டையில் அவருக்கு ஊக்கமில்லை என்று ராய் அச்சிலேயே குறைகூற, 1925-இல் கவி அதற்கு மறுமொழியாக நீண்ட கட்டுரை எழுதி, எல்லோரும் ஒரே யந்திரத்தை ஒரே விதமாகச் சுற்றுவதில் மனத்துக்கு விடுதலை இல்லை என்று வாதித்தார். கவிக்கு அந்தக் கிராமங்கள் புத்தகத்தில் கண்டவையல்ல; அதே ஆத்ராய்ப் பகுதியில், நாகர் நதிக்கரைப் பதிசரில், அவர் குடும்பத்தின் ஜமீன் காரியாலயம் இருந்தது. அங்கே குடியானவர்களுக்காக விவசாய பாங்கி ஒன்றை 1905-இலேயே தொடங்கி, பின்னர் நோபல் பரிசுப் பணத்தையும் அதில் போட்டவர் அவர். கூலியின் கணக்கைப் பார்த்தால் கவியின் பக்கம் நியாயம் அதிகம். ஆயினும், அறுவடையே இல்லாத ஒரு வருஷத்தில், வேறு யாரும் வேறெந்த வேலையும் கொண்டுவராத வீட்டில், பிச்சையில்லாமல் ஈட்டிய சில காசுகளை அற்பமென்று தள்ள என் மனம் ஒப்பவில்லை. கடனும் ராட்டையும் இரண்டுமே அந்தக் கிராமங்களுக்கு வேண்டியிருந்தன.

வெள்ளத்தின் காரணத்தைப் பற்றிய தகராறுக்கு விடை தேட, சர்க்கார் பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் என்னும் இளம் பௌதிகப் பேராசிரியரை அமர்த்தியது. சுமார் அரை நூற்றாண்டு மழைக் குறிப்புகளை அலசி 1927-இல் அவர் அளித்த அறிக்கை, பெரும் பொருட்செலவில் நீரைத் தேக்கிவைக்கும் திட்டங்களால் அப்பிரதேசத்தில் பயனில்லை, வந்த நீர் விரைந்து வடிய வழி செய்வதே தேவை என்று காட்டியது. குடியானவன் ரயில்கரையைச் சுட்டிக் காட்டிச் சொன்னதும் ஏறக்குறைய அதுவே.

1931-இல் வடக்கு, கிழக்கு வங்காளத்தில் மறுபடி வெள்ளம் வந்தபோது, ஸங்கட் த்ராண் ஸமிதி என்னும் நிவாரணச் சங்கத்தின் தலைவராக எழுபது வயது ராய் மீண்டும் எழுந்து நின்றார். சயன்ஸ் காலேஜில் அவரோடு உழைத்த மேகநாத ஸாஹாவோ, நதிகளின் இயல்பை விஞ்ஞான முறையில் ஆராயச் சோதனைச்சாலைகள் வேண்டும் என்று எழுதிக்கொண்டே வந்தார்; 1943-இல் தாமோதர் மறுபடியும் உடைத்தபோது விசாரணைக் கமிட்டியில் அமர்ந்தார்; அந்த விசாரணையைத் தொடர்ந்து வகுக்கப்பட்ட திட்டமே 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பொரேஷனாக உருவெடுத்தது.