மணலில் தொடங்கிய எழுத்து

மெய்நிகர் விளையாட்டுகளின் வழியே மழலையரைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்தலாம் என்னும் பேச்சு இன்று எழுந்துள்ளது. கண்களை மூடும் கருவியை அணிந்தால் வகுப்பறை முன்கூட்டியே அறிமுகமாகிவிடும் என்கின்றனர். தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் இருந்து இதனை நோக்கும் நாம், பள்ளிக்கு ஆயத்தப்படுத்தும் முறைகளின் பழைய வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நலம்.

திண்ணைப் பள்ளியில் புதிதாய்ச் சேர்ந்த பிள்ளையிடம் உடனே ஏடும் எழுத்தாணியும் தரப்படவில்லை. மணலைப் பரப்பி, விரலைப் பிடித்து, எழுத்தை வாய்விட்டுச் சொல்லச் செய்தே எழுதப் பழக்கினர். பிழைத்தால் உள்ளங்கையால் அழித்து மீண்டும் எழுதலாம். 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், மலபார்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். 1797இல் அவர் வெளியிட்ட நூலின் வழியே அது இங்கிலாந்தையும் அடைந்தது. 1939இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரியும், சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவச் செய்து கற்பித்தவரே.

எனினும் பழம்பெருமையோடு நின்றுவிட இயலாது. 1822இல் தாமஸ் மன்றோ ஆணையிட்ட கணக்கெடுப்பில், நம் பள்ளத்தாக்கையும் உள்ளடக்கிய அன்றைய மதுரை மாவட்டத்தில் 844 பள்ளிகள் பதிவாயின. அவற்றில் பயின்ற பெண்பிள்ளைகளோ மிகச் சிலர். மணல் எல்லார்க்கும் பொது, திண்ணை அவ்வாறன்று.

அக்கதவைத் திறந்தவை பிற்காலத் திட்டங்களே. 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் தொடங்கியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், இரண்டு வயது முதலே ஊரகக் குழந்தைகளுக்குச் சோறிட்டது. 2019இல் தமிழகத்தின் 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகள் வந்தன. விடியற்காலையில் ஜீப்பேறி எல்லை கடந்து ஏலத்தோட்டத்திற்குச் செல்லும் தாய்க்கு, பிள்ளையை நம்பி விட்டுச்செல்ல ஓரிடம் வேண்டும். அதனை அங்கன்வாடியே தருகிறது.

மெய்நிகர்க் கருவியோ இவ்வயதினர்க்கென அமைந்ததன்று. மெட்டா நிறுவனம் 2023இல் தன் வயது வரம்பைப் பதின்மூன்றிலிருந்து பத்தாகத் தளர்த்தியபோதும், நான்கு வயதுக் குழந்தை அதற்கு வெளியிலேயே நிற்கிறது. விரலைப் பிடித்து எழுதப் பழக்கும் ஒருவர் ஒவ்வோர் அங்கன்வாடியிலும், போதிய நேரத்தோடும் தக்க ஊதியத்தோடும் இருக்கட்டும். கருவியைப் பற்றி அதன் பின்னர்ப் பேசலாம் என்பதே நம் கருத்து.