மோதிரத்தைக் கழற்றிய பிறகு

ஒரே மூச்சில் மிக அதிகமான சுருட்டுகளைக் கொளுத்திய மனிதர் யார் தெரியுமா?

சர்ச்சில் என்பீர்கள். இல்லை. ஃபிடல் காஸ்ட்ரோ? அவரும் இல்லை. ஸீனோ டேவிடாஃப். கின்னஸ் புத்தகத்தில் இருக்கிறதோ இல்லையோ, 1989 ஆகஸ்டில் அந்த மனிதர் ஒரு லட்சத்துக்கும் அதிகமான சுருட்டுகளைக் குவித்து வைத்துத் தீ மூட்டினார். எல்லாம் கியூபாவில் கையால் சுற்றியவை. எல்லாவற்றிலும் அவருடைய பெயர் அச்சிட்ட காகிதப் பட்டை. 'தரமில்லை. இதை என் பெயரில் விற்க மாட்டேன்' என்பது அவர் கட்சி. கியூபா அதை ஒப்புக்கொள்ளவில்லை.

இன்றைய உக்ரைனில் 1906ல் பிறந்து, குழந்தையாக ஸ்விட்சர்லாந்துக்குப் பிழைக்க வந்த குடும்பம். ஜெனீவாவில் அப்பாவுக்குப் புகையிலைக் கடை. பையன் கியூபா வரை போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்து, ஐரோப்பாவின் பணக்காரர்களுக்குச் சுருட்டுப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தான் என்றே சொல்லலாம். 1960களின் கடைசியில் கியூப அரசாங்கமே கூப்பிட்டு, 'உங்கள் பெயரிலேயே ஒரு சுருட்டு செய்து தருகிறோம்' என்றது. இருபது வருஷம் நடந்த கல்யாணம் அது. கடைசியில் தீயில் முடிந்தது.

உள்ளே வியாபாரச் சண்டையும் இருந்தது. பிராண்ட் யாருக்கு, லாபம் எவ்வளவு என்று. அது இருக்கட்டும். 'தரமில்லை' என்று சொல்கிறாரே, ஒரு சுருட்டு தரமானதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

(ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் வரும். டேவிடாஃப் 87 வயது வரை இருந்தாரே என்று யாரும் கடிதம் போட வேண்டாம்.)

நல்ல சுருட்டைப் பற்ற வைப்பதற்கு முன்னாலேயே பாதிப் பரீட்சை முடிந்துவிடும். மேலே சுற்றியிருக்கும் இலையைப் பார்ப்பார்கள். நரம்பு துருத்தக் கூடாது. லேசாக எண்ணெய் மினுமினுப்பு வேண்டும். அப்புறம் கத்திரிக்காய் வாங்குகிற மாதிரி விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே போவார்கள். ஓரிடத்தில் தொளதொள என்று இருந்தால் உள்ளே இலை போதவில்லை. இன்னோரிடத்தில் கட்டியாக இருந்தால் அடைப்பு. தலைப்பக்கம் தொப்பி மாதிரி ஒட்டியிருக்கும் சின்ன இலைத் துண்டை வெட்டிவிட்டு, பற்ற வைக்காமலே ஒரு இழுப்பு. காற்று சுலபமாக வருகிறதா? இளநீருக்குப் போட்ட ஸ்ட்ரா மாதிரி வர வேண்டும். வராவிட்டால் அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் ஃபெயில்தான்.

பிறகு நெருப்பு. அவசரப்படக் கூடாது. நுனியைத் தீயில் நேரடியாகக் காட்டாமல், சற்று மேலே பிடித்து, அப்பளம் வாட்டுவது போல வாட்ட வேண்டும். நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு போதும். அதற்கு மேல் போனால் சூடேறிக் கசந்துவிடும். தீ வளையம் கோணாமல் சமமாக இறங்குகிறதா, சாம்பல் சட்டென்று உதிராமல் ஓர் அங்குலமாவது நிற்கிறதா என்று பார்ப்பார்கள். முழு இலைகளை நீளவாக்கில் வைத்துச் சுற்றியிருந்தால் நிற்கும். மெஷினில் நறுக்கிப்போட்ட தூளாக இருந்தால் பொலபொலவென்று கொட்டிவிடும்.

சாம்பல் என்றதும் ஒரு ஊர்ப்பெருமை. 1887ல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையில், தரையில் கிடக்கும் சாம்பலைப் பார்த்தே 'இது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு' என்று ஹோம்ஸ் கண்டுபிடிப்பார். நம்ம திருச்சிதான்! இங்கிலீஷ்காரன் 'செரூட்' என்று எழுதுவதே நம்முடைய சுருட்டைத்தான்.

சாம்பலைப் பார்த்தாயிற்று. இனி சுவை. ஒரு சுருட்டை மூன்று பங்காகப் பிரித்து எடை போடுவார்கள். முதல் பங்கில் லேசாக மரவாசனை, காபி. நடுப்பங்கில் கொக்கோ, மிளகு, தோல் பை வாசனை. கடைசிப் பங்கில் காரம். ஒரே சுவை முதலிலிருந்து கடைசி வரை வந்தால் மார்க் குறைவு. கதை நகரவில்லை என்று அர்த்தம்.

இந்தக் கதையை எழுதுவது உள்ளே இருக்கும் மூன்று வகை இலைகள். செடியின் அடியில் இருக்கும் இலை சுலபமாக எரியும், சத்து கிடையாது. நடு இலைக்கு வாசனை. உச்சாணி இலை வெயிலை நேரே வாங்கித் தடித்துப்போயிருக்கும். காரம் அதில்தான், ஆனால் மெதுவாக எரியும். அதனால் சுற்றுகிறவர் அதை நட்டநடுவில் வைப்பார். ஓரத்தில் வைத்துவிட்டால் ஒரு பக்கம் எரிந்து ஒரு பக்கம் நிற்கும். மேஜையில் தராசு கிடையாது. இலையைக் கையில் எடுத்தாலே அளவு தெரிந்துவிடும். அரை நிலா வடிவத்தில் ஒரு தகட்டுக் கத்தி, கொஞ்சம் பசை. ஒரு நாளைக்கு நூறு சுருட்டு.

அந்தக் கைகளுக்குக் காதும் உண்டு. 1865ல் ஹவானாவில் ஒரு தொழிற்சாலையில் ஆரம்பித்த வழக்கம் இது. தொழிலாளிகள் சுற்றிக்கொண்டிருக்க, மேடையில் ஒருவர் உட்கார்ந்து பேப்பரும் நாவலும் உரக்கப் படிப்பார். அவருக்குச் சம்பளம் முதலாளி இல்லை, தொழிலாளிகளே காசு போட்டுக் கொடுத்தார்கள். எந்த நாவல் என்பதும் அவர்கள் ஓட்டுதான். அலெக்ஸாண்டர் டூமாவின் மாண்டி கிறிஸ்டோ கதை அவ்வளவு பிரபலமாகி, 1935ல் ஒரு சுருட்டுக்கே பெயராகிவிட்டது என்பார்கள்.

ஆக, கியூபாவின் மேற்குக் கோடியில் பினார் டெல் ரியோ மாகாணத்துச் செம்மண். தலைமுறை தலைமுறையாகப் பழகிய கை. மேலே மோதிரம் மாதிரி மாட்டிய பெயர்ப்பட்டை. மண், கை, பெயர். மூன்றும் ஒரே வீட்டில் ஒற்றுமையாக இருந்தன. 1960 செப்டம்பர் 15 வரை.

அன்றைக்குத்தான் புரட்சி அரசாங்கம் சுருட்டுத் தொழிற்சாலைகளைக் கையகப்படுத்தியது. ஆயுதம் ஏந்தியவர்கள் உள்ளே வந்தார்கள். கட்டடம், கிடங்கு, இலை மூட்டை, வங்கிக் கணக்கு, எல்லாம் அரசுடைமை. மாண்டிகிறிஸ்டோவை ஆரம்பித்த மெனெண்டஸ் குடும்பம் வெளியேறியது. 1845லிருந்து இருக்கும் பர்தகாஸ் கம்பெனியின் முதலாளி ரமோன் சிஃபுவென்டெஸும் அடுத்த வருஷம் நாட்டை விட்டுப் போய்விட்டார்.

நான் பி.காம். படித்தவன். குட்வில் என்று ஒன்று சொல்லித்தருவார்கள். தமிழ்ப் பாடப்புத்தகத்தில் 'நற்பெயர்' என்று இருக்கும். கண்ணுக்குத் தெரியாத சொத்து. கட்டடத்தைப் பூட்டி சீல் வைக்கலாம். குட்வில்லுக்கு எங்கே பூட்டுப் போடுவது?

புரட்சிக்காரர்களுக்கு முதலில் இது புரியவில்லை. 'எதற்கு இத்தனை பிராண்ட், இத்தனை பட்டை? எல்லாம் முதலாளித்துவ ஆடம்பரம்' என்று 'சிபோனே' என ஒரே பெயரில் சுருட்டை இறக்கினார்கள். அதே மண். அதே கை. வெளிநாட்டில் வாங்க ஆள் இல்லை! இந்த யோசனையைக் கைவிடச் சொன்னவர்களில் நம்ம டேவிடாஃபும் ஒருவர். பழைய பெயர்கள் திரும்பி வந்தன.

அதற்குள் அமெரிக்கா கதவைச் சாத்தியது. கென்னடியின் செய்தித்துறைச் செயலாளர் பியர் சாலிஞ்சர் பின்னாளில் சொன்ன கதை இது. ஒரு சாயங்காலம் கென்னடி கூப்பிட்டு, 'நாளைக் காலைக்குள் ஆயிரம் அப்மன் சுருட்டு வேண்டும்' என்றார். மறுநாள் காலை சாலிஞ்சர் 1,200 கிடைத்துவிட்டது என்றதும், மேஜை டிராயரைத் திறந்து, கியூபப் பொருட்களுக்கு முழுத்தடை விதிக்கும் உத்தரவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். 1962 பிப்ரவரி. எப்பேர்ப்பட்ட ஸ்டாக் மேனேஜ்மென்ட் பாருங்கள்!

அகதியாகப் போனவர்கள் சும்மா இருக்கவில்லை. கேனரி தீவுகள், ஜமைக்கா, டொமினிக்கன் குடியரசு, ஹோண்டுராஸ், நிகரகுவா என்று மண் தேடி அலைந்தார்கள். கியூப விதை, கியூபக் கை, வேற்று மண். பினார் டெல் ரியோவின் புகையிலை விவசாயி ஹோஸே ஒர்லாண்டோ பத்ரோன் மயாமிக்கு வந்து தச்சு வேலை பார்த்தார். நண்பர் கொடுத்த ஒரு சுத்தியல்தான் முதலீடு. அறுநூறு டாலர் சேர்ந்ததும் 1964ல் சுருட்டுக் கடை போட்டார். 1970ல் நிகரகுவா.

பெயர்? அது நீதிமன்றத்துக்குப் போனது. 'கியூபா தன் எல்லைக்குள் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் பதிவான டிரேட்மார்க் அதன் எல்லைக்குள் இல்லை' என்று அமெரிக்க நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. விளைவு, இரண்டு மாண்டிகிறிஸ்டோ, இரண்டு பர்தகாஸ், இரண்டு ரோமியோ ஜூலியட். அமெரிக்காவுக்கு ஒன்று, உலகத்துக்கு இன்னொன்று. புரட்சிக்குப் பிறகு பிறந்த கோஹிபாவைக்கூட விடவில்லை. காஸ்ட்ரோவுக்காகவே 1960களின் நடுவில் தனியாகச் சுற்ற ஆரம்பித்த சுருட்டு அது. (காரணம் இல்லாமல் இல்லை. 1960ல் காஸ்ட்ரோவின் பிரியமான சுருட்டு ஒரு பெட்டியில் சி.ஐ.ஏ. கொடிய விஷம் ஏற்றிவைத்ததை 1975ல் அமெரிக்க செனட் குழுவே அறிக்கையில் எழுதியது.) 1982 வரை கடைக்கே வரவில்லை. அதற்கு முந்தின வருஷமே அமெரிக்கக் கம்பெனி ஒன்று 'கோஹிபா' என்ற பெயரைத் தன் நாட்டில் பதிவுசெய்துவிட்டது! 1997ல் கியூபா வழக்குப் போட்டு, 2005ல் தோற்று, 2022 டிசம்பரில் அமெரிக்க டிரேட்மார்க் வாரியம் அந்தப் பதிவை ரத்து செய்தது. உடனே சண்டை மறுபடி கோர்ட்டுக்குப் போனது.

சரி, எது உசத்தி? சண்டையைத் தீர்க்க ஒரே வழி, மோதிரத்தைக் கழற்றிவிட்டு இழுத்துப் பார்ப்பது.

1992ல் 'சிகார் அஃபிசியனாடோ' என்ற அமெரிக்கப் பத்திரிகை அதைத்தான் ஆரம்பித்தது. பட்டையைக் கழற்றி, நம்பர் போட்டு, எது எந்த ஊர்ச் சரக்கு என்று தெரியாமல் நூற்றுக்கு மார்க். 2007ல் அந்த வருஷத்தின் முதலிடம் யாருக்கு? சுத்தியல்காரர் பத்ரோனின் நிகரகுவாச் சுருட்டுக்கு. அடுத்த வருஷமும் நிகரகுவாதான், விலை ஐந்து டாலர் சொச்சம்! 2010ல் கியூபாவின் கோஹிபா. 2013ல் கியூபாவின் மாண்டிகிறிஸ்டோ. மாறி மாறி வருகிறது. 'டொமினிக்கன் மண்ணில் மேலிலை விளையவே விளையாது' என்று நிபுணர்கள் சொன்னதை ஃபுவென்டே குடும்பம் 1995ல் பொய்யாக்கியது. டேவிடாஃப் கம்பெனியும் தீ அணைந்த கையோடு அங்கேதான் போனது. இன்னொரு பக்கம், கியூபாவின் புகழ்பெற்ற கொரோஹோ மேலிலைச் செடி நோய் தாங்காமல் 1990களில் கியூபாவிலேயே கைவிடப்பட்டது. அதே பத்தாண்டின் கடைசியில் ஏகத்துக்கு உற்பத்தியைக் கூட்டி, காற்றே வராத சுருட்டுகளை ஹவானா ஏற்றுமதி செய்தது. அப்புறம்தான் தொழிற்சாலைகளில் இழுப்பைச் சோதிக்கும் மெஷின் வைத்தார்கள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், மண்ணுக்கு நாற்பது, கைக்கு நாற்பது போடுவேன். மிச்சம் இருபது, பட்டை கண்ணில் பட்டால் மட்டும்.

அனுபவத்தில் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு நண்பர் வெளிநாட்டிலிருந்து கோஹிபா பெட்டி ஒன்று கொண்டுவந்தார். மொட்டை மாடியில் நாலு பேர். நான் அதிகம் தெரிந்தவன் என்ற கெத்தில், 'முதலில் மரவாசனை... இப்போ பாருங்க, கொக்கோ வரும்' என்று கிளாஸ் எடுத்தேன். மூன்று பேரும் 'ஆமா சார், கொக்கோ' என்றார்கள். இரண்டு நாள் கழித்து, பெட்டியில் ஒட்டியிருந்த முத்திரைச் சீட்டின் நம்பரை நண்பர் சரிபார்த்திருக்கிறார். போலி. எனக்கு போனில் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஆனால் கொக்கோ வந்தது சார், சத்தியமாக!

ரமோன் சிஃபுவென்டெஸ் கதையை முடிக்கவில்லையே. அவர் தன்னுடைய பர்தகாஸ் பெயரின் அமெரிக்க உரிமையை அங்குள்ள கம்பெனியிடம் கொடுத்து, தானே கூட நின்று சுருட்டைத் தயாரித்தார். முதலில் ஜமைக்கா, பிறகு டொமினிக்கன் குடியரசு. மேலிலை ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து. ஹவானாவிலும் பர்தகாஸ் நிற்கவில்லை, அரசாங்கம் பினார் டெல் ரியோ இலையில் சுற்றிக்கொண்டே இருந்தது. 2000 ஜனவரியில் சிஃபுவென்டெஸ் காலமானார், 91 வயது. 2016ல் ஒபாமா, பயணிகள் சொந்த உபயோகத்துக்குக் கியூபச் சுருட்டு கொண்டுவரலாம் என்று தளர்த்தியதை 2020ல் ட்ரம்ப் மறுபடி இறுக்கினார். அமெரிக்கக் கடையில் ஹவானா பர்தகாஸை வைக்க முடியாது. அமெரிக்கப் பர்தகாஸுக்கு வெளியே பெரும்பாலான நாடுகளில் அந்தப் பெயர் கிடையாது. இரண்டு பெட்டியின் மேலும் ஒரே வருஷம்தான் போட்டிருக்கிறது: 1845.