தபாலேறிய வகுப்பறை

வகுப்பறையில் சொல்லிக்கொடுத்து வந்த பாடங்களை இணையவழிப் பயிற்சியாக மாற்ற முனைவோர், உபாத்தியாயரின் குறிப்புகளையும் ஸ்லைடுகளையும் அப்படியே கணினியில் ஏற்றிவிட்டால் காரியம் முடிந்தது என்று கருதுவதைக் காணும்போதெல்லாம், மின்விளக்கும் அறியாத காலத்து இங்கிலாந்தில் ஒரு பள்ளி ஆசிரியர் இதே காரியத்தைத் தபாலின் துணையால் சாதித்த விதம் என் நினைவுக்கு வருகிறது.

ஐசக் பிட்மன் என்ற அவர், எழுத்துக்கூட்டலைப் பாராமல் ஒலியையே பற்றி எழுதும் சுருக்கெழுத்து முறையொன்றை 1837-இல் வெளியிட்டார். கண்ணால் கண்டு கையால் பழகவேண்டிய வித்தை அது. ஒரே சாய்கோடு மெல்லியதாக விழுந்தால் ஓரொலி, அழுந்தி விழுந்தால் வேறொலி. 'பம்பரம்' என்னும் சொல்லிலுள்ள இரண்டு பகரங்களையும் நாம் ஒரே எழுத்தால் எழுதிவிடுகிறோம். பிட்மன் முறையிலோ முதலாவதற்கு மெல்லிய கோடும் இரண்டாவதற்குத் தடித்த கோடும் வேண்டும். தட்டச்சுப் பயிலகம் ஒன்றில் நான் இதைக் கற்ற நாளில், "பென்சிலை இன்னும் கொஞ்சம் அழுத்துங்க தம்பி" என்று ஆசிரியர் தோளருகே குனிந்து சொன்ன பிறகே அந்த வித்தியாசம் எனக்குக் கைவந்தது. அப்படிக் குனியும் ஆசிரியரை ஒரு கடிதத்துக்குள் எவ்வாறு வைப்பது?

பிட்மன் தம் முறையை வெளியிட்ட நாளில் பிரிட்டனில் தபால் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்து ஏறிக்கொண்டே போகும். பெரும்பாலும் பெறுபவரே அதைச் செலுத்தவேண்டியிருந்தது. 1840 ஜனவரி 10 முதல், அரை அவுன்ஸுக்குள் அடங்கும் கடிதம் நாட்டின் எம்மூலைக்கும் ஒரு பென்னிக்குச் செல்லலாம் என்றாயிற்று. இத்திட்டத்தை வகுத்த ரோலண்டு ஹில்லும் முன்னாளில் பள்ளி நடத்தியவரே என்பது எனக்கு மனநிறைவு தரும் செய்தி. பாத் நகரில் வசித்த பிட்மன், அவ்வாண்டே தம் முறையை ஒரே தாளில் சுருக்கி அச்சிட்டார். அவருடைய மேதையை நான் காண்பது அந்தச் சுருக்கத்தில் அன்று, அதனுடன் அவர் விதித்த ஒரு சிறிய நிபந்தனையில். விவிலியத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு வசனங்களைச் சுருக்கெழுத்தில் எழுதியனுப்பும் மாணவர், திருத்தங்களுக்காக வரிகளுக்கிடையே இடம்விட்டு எழுதவேண்டும்; அதற்கு எவ்விதச் சம்பளமும் பெறாமல் பிட்மன் திருத்தியனுப்புவார். தோளருகே குனிந்த ஆசிரியர் அந்த வெற்றிடத்தில்தான் வந்து அமர்ந்தார். தாள்கள் பெருகவே, 1843-இல் இம்முறையின் அன்பர்கள் ஒரு சங்கமாகக் கூடி, திருத்தும் பணியைப் பகிர்ந்துகொண்டனர்.

திருத்தித் திருப்பும் இந்த ஏற்பாட்டின் வலிமையைப் பின்னாளிலும் காணலாம். 1971-இல் ஏறத்தாழ 24,000 மாணவர்களுடன் பாடங்களைத் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைத் தொலைக்காட்சியின் விந்தையாகவே பலரும் பேசினர். பி.பி.சி. ஒளிபரப்புகளுக்கு அதில் இடமிருந்தது மெய்தான். எனினும், விரிவுரையை அச்சிட்டுத் தராமல், அறிஞரும் தயாரிப்பாளரும் கல்வி வல்லுநரும் ஒருங்கே அமர்ந்து பாடத்தைப் புதிதாக எழுதியதும், படிப்பவர் நின்று விடைகண்டு மேற்செல்லுமாறு அதன் நடுவே வினாக்களை இட்டதும், தபாலில் சேர்ந்த கட்டுரைகள் ஆசிரியரின் குறிப்புகளுடன் திரும்பிச் சென்றதுமே அந்தப் படிப்பைத் தாங்கி நின்றன என்பது என் துணிபு.

இணையப் பாடம் தயாரிக்கும் நண்பர்கள் தங்கள் வீடியோக்களை என்னிடம் ஆவலோடு காட்டுவதுண்டு. அவற்றைப் பார்த்து முடித்ததும், மாணவர் எழுதியனுப்பும் தாளை யார் திருத்துவார், எத்தனை நாளில் அது திரும்பும் என்பதையே நான் கேட்கிறேன்.