போக்காடும் பலியாடும்

நம்முடைய புரட்டாசியை ஒட்டி வருவது திஷ்ரி என்னும் எபிரேய மாதம். அதன் பத்தாம் நாளுக்கு முந்தின இரவில், எருசலேம் தேவாலயத்துப் பிரதான ஆசாரியரை உறங்க விடுவது வழக்கமில்லை. ஏழு நாட்களுக்கு முன்னரே அவரை வீட்டிலிருந்து பிரித்து ஆலயத்து அறையொன்றில் தங்கவைத்து, ஆண்டுக்கு ஒருமுறை மாத்திரமே நடக்கிற அந்தக் கிரியையின் முறைகளை மூப்பர்கள் அவருக்குப் படித்துக் காட்டுவார்கள். அவர் மறந்திருக்கக்கூடும், ஒருவேளை கற்காமலே இருந்திருக்கவும் கூடும் என்ற ஐயத்தை அவரிடமே பணிவாகச் சொல்லியும் விடுவார்கள். மகா ஏரோதுவின் காலந்தொட்டு ஆலயம் அழிந்த நாள்வரையில், ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், 28 பேர் அந்தப் பதவியில் ஏறி இறங்கினார்கள் என்று ஜொசீபஸ் என்ற யூத சரித்திராசிரியர் கணக்குச் சொல்கிறார். ஆள்வோரின் தயவால் வந்து ஆள்வோரின் கோபத்தால் போன ஆசாரியர்களைப் பற்றி மூப்பர்களுக்கு அப்படியோர் ஐயம் எழுந்ததில் வியப்பில்லை. உண்ட மயக்கம் உறக்கத்தைக் கொண்டுவரும் என்று மாலையில் வயிறு நிறைய உணவும் கொடுப்பதில்லை. அப்படியும் அவர் கண் அயர்ந்தால், இளம் ஆசாரியர்கள் விரலைச் சொடுக்கி எழுப்பி, குளிர்ந்த கல்தரையில் நிற்கும்படி செய்வார்கள்.

இவ்விவரங்கள் மிஷ்னா என்ற யூத நூலில் உள்ளவை. அந்நூல் தொகுக்கப்பட்டது கி.பி. 200-ஐ ஒட்டி; அதாவது ஆலயம் இடிந்து நூறாண்டுக்கு மேல் சென்ற பிறகு. இழந்துபோன ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறவர்கள் சொல்லும்போது சற்று மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் சடங்கின் எலும்புக்கூடு லேவியராகமத்தின் பதினாறாம் அதிகாரத்திலேயே இருக்கிறது. பாவமன்னிப்புக்குப் பலி ஏன் வேண்டும் என்ற கேள்வியைக் கிறிஸ்தவ சமயத்திடம் கேட்கிற எவரும், சிலுவைக்கு முன்பாக அந்த ஆலயப் பிராகாரத்தில் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பொழுது விடிந்ததும் ஆசாரியர் மூழ்கிக் குளித்து வெண்ணிற நார்மடி உடை தரிக்கிறார். அன்றைக்கு மட்டும் அவருக்கு ஐந்து முழுக்கு. உருவத்திலும் உயரத்திலும் விலையிலும் ஒன்றையொன்று ஒத்த இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் அவர் முன் நிற்கின்றன. ஒரு பெட்டிக்குள் இரு கைகளையும் விட்டு இரண்டு சீட்டுகளை எடுக்கிறார். ஒரு சீட்டு ஆண்டவருக்கு, மற்றொன்று அசாசேலுக்கு. அசாசேல் என்பது யார் அல்லது எது என்று பண்டிதர்கள் இன்னும் தீர்த்தபாடில்லை. நம் தமிழ் வேதாகமத்தார் அந்தச் சிக்கலுக்குள் போகாமல் 'போக்காடு' என்று அழகாக ஒரு சொல்லை ஆக்கிவிட்டார்கள். போக்காட்டின் தலையில் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டுகிறார்கள். முதலில் ஆசாரியர் தமக்காகவும் தம் குடும்பத்துக்காகவும் ஒரு காளையை அறுக்கிறார். அதன் இரத்தம் உறைந்துவிடாதபடி ஒருவர் பாத்திரத்தில் அதைக் கலக்கிக்கொண்டே நிற்க, ஆசாரியர் தணலும் தூபமும் ஏந்தித் திரைக்கு அப்பால் மகா பரிசுத்த ஸ்தலத்துள் போகிறார். இரண்டாம் ஆலயத்தில் அங்கே உடன்படிக்கைப் பெட்டி இல்லை. மூன்று விரற்கடை உயரத்துக்குத் தரையிலிருந்து எழும்பி நிற்கிற ஒரு கல் மாத்திரம் இருந்தது. அதன்மேல் தூபகலசத்தை வைத்துவிட்டு வந்து, பின்னர் காளையின் இரத்தத்தையும், அதன்பின் ஆண்டவருக்கென்று சீட்டு விழுந்த ஆட்டின் இரத்தத்தையும் கொண்டுபோய், மேல்நோக்கி ஒருமுறையும் கீழ்நோக்கி ஏழுமுறையும், தவறு நேராதபடி வாய்விட்டு எண்ணிக்கொண்டே தெளிக்கிறார்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் உயிரோடு நிற்கிற மற்ற ஆட்டின் தலைமீது இரு கைகளையும் வைத்து இஸ்ரவேலின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிடுகிறார். அந்த ஆட்டை ஓர் ஆள் வனாந்தரத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிறான்.

பாவத்தைச் சுமந்த ஆடு பீடத்துக்கு வரவில்லை; பீடத்துக்கு வந்த ஆட்டின் தலையில் ஊராரின் பாவத்தை யாரும் சுமத்தவில்லை. குற்றவாளிக்குப் பதிலாகக் குற்றமற்ற பிராணியைக் கொன்று கடவுளின் கோபத்தைத் தணிப்பதே யூதர் பலியின் தத்துவம் என்று பிரசங்க மேடைகளில் எளிதாகச் சொல்லப்படுவதைக் கேட்டுப் பழகியவர்கள், இந்த இரண்டு ஆடுகளின் வேறுபாட்டைக் கவனிப்பதே இல்லை.

அப்படியானால் அறுக்கப்பட்ட ஆட்டின் இரத்தம் என்ன செய்தது? இரத்தத்தில் உயிர் இருக்கிறது, உயிர் கடவுளுக்கே உரியது, ஆகவே அதை உண்ணலாகாது, பீடத்துக்குத்தான் அது சேரவேண்டும் என்பது லேவியராகமத்தின் கொள்கை. ஜனங்களின் பாவம் அவர்களை மாத்திரம் கெடுப்பதில்லை. அவர்கள் நடுவே கடவுள் தங்குகிற வீட்டின் மேலும் அழுக்காகப் படிகிறது. அந்த அழுக்கை உயிரால் கழுவுகிறார்கள். ஆலயத்தில் ஆகாதது ஏதேனும் நேர்ந்துவிட்டால் சம்ப்ரோக்ஷணம் செய்கிற வழக்கத்தை அறிந்த தமிழர்களுக்கு இக்கருத்து அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. பாவநிவிர்த்தி என்று நாம் மொழிபெயர்த்திருக்கிற எபிரேயச் சொல்லோடு உறவுடைய பழைய பாபிலோனியச் சொல்லுக்குத் துடைத்தல் என்பதே பொருள். பலியைக் குறிக்கிற 'கொர்பான்' என்ற எபிரேயச் சொல்லுக்கோ அருகே கொண்டுவருதல் என்று பொருளே ஒழியக் கொல்லுதல் என்று பொருளில்லை. நம் 'பலி'யும் அத்தகையதே: தெய்வத்துக்கு வைக்கிற சோறும் பலி, தேவாரத்தில் சிவபெருமான் வீடுவீடாய்ச் சென்று ஏற்கிற பிச்சையும் பலி.

இன்னொரு செய்தி. பாவம் செய்தவன் செல்வனாயிருந்தால் ஆடு. ஏழையாயிருந்தால் இரண்டு புறா. அதற்கும் வகையற்றவன் எப்பா என்னும் அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவை, எண்ணெயும் தூபவர்க்கமும் சேர்க்காமல் கொண்டுவந்தால் போதும். அவனுக்கும் மன்னிப்பு உண்டு. ஒரு துளி இரத்தமும் அங்கே இல்லை. இரத்தம் சிந்துதல் இல்லாமல் மன்னிப்பு இல்லை என்று எழுதிய எபிரெயர் நிருபத்து ஆசிரியர், நியாயப்பிரமாணத்தின்படி எல்லாமே இரத்தத்தால் சுத்தியாகின்றன என்று சொல்லவந்த இடத்தில் 'ஏறக்குறைய' என்ற பொருள்படும் ஒரு சொல்லையும் சேர்த்து எழுதியிருக்கிறார். பிடி மாவைக் கொண்டுவந்த அந்த ஏழை அவர் நினைவில் இருந்தான் போலும். மேலும், அயலானை வஞ்சித்துப் பொருளைக் கவர்ந்தவன், முதலை ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவனிடம் திருப்பிக் கொடுத்த பின்னரே ஆட்டுக்கடாவோடு ஆலயத்துக்கு வரலாம். துணிந்து, கையோங்கிச் செய்த பாவத்துக்கோ பலியே கிடையாது. இவ்வளவு நிபந்தனைகளுடைய ஒரு முறையைக் கூலி கொடுத்துக் குற்றத்தைக் கரைக்கிற வியாபாரம் என்று நினைத்துவிட்ட ஜனங்களைத்தான் ஆமோசும் ஓசியாவும் மீகாவும் அத்தனை கடுமையாகக் கண்டித்தார்கள்.

கி.பி. 70-ல் தீத்துவின் ரோமப் படை நகரை வளைத்திருந்தபோது நாள்தோறும் நடந்துவந்த காலை மாலைப் பலி நின்றுபோயிற்று. சில வாரங்களில் ஆலயமும் எரிந்தது. அதற்குப்பின் யூதரும் பலியின்றியே மன்னிப்பை நாடவேண்டியவர்களானார்கள். யப்னே என்ற ஊரில் கூடிய ரபிமார்கள் மனந்திரும்புதலையும் ஜெபத்தையும் தருமத்தையும் பலியின் ஸ்தானத்தில் வைத்தார்கள். கிறிஸ்தவர்களோ, தங்கள் குரு அந்த நகரத்தின் மதிலுக்கு வெளியே ஏற்கெனவே பலியாகிவிட்டார், இனிப் பலி வேண்டியதில்லை என்றார்கள். ஆலயம் விழுவதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் இயேசுவைக் குறிக்க ஒரு கிரேக்கச் சொல்லை ஆண்டிருக்கிறார். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் அதே சொல், உடன்படிக்கைப் பெட்டியின் மூடியை, ஆசாரியர் இரத்தம் தெளித்த இடத்தை, குறிக்கிறது. தமிழ் வேதாகமத்தில் அந்த மூடி 'கிருபாசனம்'. பவுலின் வாக்கியத்தில் வருவது 'கிருபாதார பலி'. பவுல் சொன்னது இடத்தையா பலியையா என்று மேல்நாட்டு அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருக்க, நம்மவர்கள் தீர்ப்பை எழுதி முடித்துவிட்டார்கள்.

சிலுவை பலிதான் என்பதில் சபைக்கு ஐயம் இருந்ததில்லை; அது எவ்வாறு மன்னிப்பாகிறது என்பதில்தான் ஒவ்வொரு காலமும் தன் ஊர் வழக்கத்தைக் கொண்டு விடை சொல்லியிருக்கிறது. அடிமைச் சந்தைகள் நிறைந்திருந்த ரோம சாம்ராஜ்யத்தில், சிறைப்பட்டவனை மீட்கக் கொடுக்கும் மீட்புப்பொருள் என்ற உவமை எவருக்கும் எளிதில் விளங்கிற்று. உவமையாய் இருந்தவரை அது நன்றாகத்தான் இருந்தது. விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்டதும் தொல்லை பிறந்தது. சாத்தானுக்கு என்றார்கள் சிலர். நீசாவின் கிரிகோரியார், மாம்சமாகிய இரைக்குள் தெய்வத்தன்மையாகிய தூண்டில்முள் மறைந்திருந்தது, சாத்தான் விழுங்கி அகப்பட்டான் என்று விளக்கம் தந்தார். அவருடைய நண்பரும் அவர் பெயரையே உடையவருமான நசியான்சின் கிரிகோரியாருக்கு அது பிடிக்கவில்லை: கொள்ளைக்காரனுக்கு அத்தனை பெரிய விலையா, பிதாவுக்கு என்றாலோ, ஈசாக்கையே பலியாக ஏற்காதவர் தம் குமாரனின் இரத்தத்தில் மகிழ்வாரா என்ற கருத்துப்படப் பேசி அந்தக் கணக்கை அப்படியே விட்டுவிட்டார். இருவரில் இவருடைய தயக்கமே எனக்கு மேலாகத் தோன்றுகிறது.

1098-ல், இங்கிலாந்து அரசனோடு மனஸ்தாபப்பட்டு வெளியேறியிருந்த கான்டர்பரிப் பேராயர் அன்செல்ம், இத்தாலியில் கப்புவா நகருக்கு அருகேயுள்ள ஒரு மலைக்கிராமத்தில் தங்கியிருந்தபோது, 'கடவுள் ஏன் மனிதனானார்' என்ற பெயருடைய நூலை முடித்தார். சாத்தானுக்கு உரிமையே இல்லை என்று பழைய வழக்கைத் தள்ளிவிட்டு, பாவம் என்பது கடவுளுக்குச் செலுத்தவேண்டிய மரியாதையைச் செலுத்தாமல் வைத்துக்கொள்வது என்று தொடங்குகிறார். அவர் பேராயராயிருந்த நாட்டின் பழைய சட்டத்தில் ஓர் ஆளைக் கொன்றால் அவன் தகுதிக்கேற்ற ஈட்டுத்தொகை உண்டு; மேற்கு சாக்சன் நாட்டில் சாதாரணக் குடியானவனுக்கு 200 ஷில்லிங், பிரபுவுக்கு 1,200. அவமதிக்கப்பட்டவன் எவ்வளவு பெரியவனோ ஈடும் அவ்வளவு பெரிது. அளவற்றவரை அவமதித்தால் ஈடும் அளவற்றது. செலுத்தவேண்டியவன் மனிதன், செலுத்தக்கூடியவரோ கடவுள் ஒருவரே. ஆகையால் கடவுளாகவும் மனிதனாகவும் இருக்கிற ஒருவர் வேண்டும். நூலில் அவரோடு உரையாடுகிற போசோ என்ற சீடரை ஓரிடத்தில் மடக்குகிறார்: கடவுள் பாராதே என்று விலக்கிய திசையில் ஒருமுறை கண்ணைத் திருப்பினால்தான் உலகம் அழியாமல் தப்பும் என்றால், திருப்புவாயா? போசோ தயங்கித் தயங்கி, திருப்பலாகாது என்று ஒப்புக்கொள்கிறார். ஒரு பார்வையின் எடை அவ்வளவு.

அன்செல்முக்கு ஈடும் தண்டனையும் ஒன்றல்ல. ஈடு செலுத்தப்பட்டால் தண்டனை இல்லை. கிறிஸ்து நம் தண்டனையை அனுபவித்தார் என்ற வாய்பாடு அவருடையதன்று. ஓர்லேயான்சிலும் பூர்ஜிலும் சட்டம் பயின்ற கால்வினும் அவர் காலத்துச் சீர்திருத்தக்காரர்களுமே அதற்கு முழு உருவம் கொடுத்தார்கள். பிரபுவின் அரண்மனை மறைந்து நீதிமன்றம் வந்துவிட்டது. எதிர்ப்பும் இல்லாமலில்லை. அன்செல்முக்கு அடுத்த தலைமுறையிலேயே அபெலார், குற்றமற்றவனின் இரத்தத்தை விலையாகக் கேட்பது கொடுமையல்லவா, சிலுவை நம் உள்ளத்தில் அன்பை மூட்டவே வந்தது என்றார். 1594-ல் சொசினுஸ், கடனை வசூலித்துக்கொண்ட பிறகு மன்னித்தேன் என்பதற்கு என்ன பொருள் என்று கேட்டார். 1617-ல் அவருக்கு மறுப்பு எழுதிய குரோசியுஸும் ஒரு வழக்கறிஞரே. பலியைப் பற்றிய வாதம் பூசையையும் விட்டுவைக்கவில்லை. 1562-ல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம், ஆலயங்களில் நடக்கும் பூசையே இரத்தஞ்சிந்தாத மெய்யான பலி என்று தீர்மானித்தது. லூத்தரைப் பின்பற்றியவர்களோ அதைப் பந்தி என்றார்கள். தமிழ்க் கத்தோலிக்கர் பல தலைமுறைகளாய் அதைப் 'பூசை' என்றே சொல்லிப் பின்னர்த் 'திருப்பலி' என்று மாற்றிக்கொண்டார்கள். 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்ற கத்தோலிக்கக் குருவுக்கு முன்னே, பூசையைக் குறிக்கிற போர்த்துக்கீசியச் சொல்லைத் தமிழ்ப்படுத்தி வழங்கியதில் அது 'மீசை'யாகக் கேட்டு நகைப்புக்கு இடமாயிற்றாம். 'பூசை' என்ற நல்ல சொல்லை அவர் வழங்கினார்.

மீட்புப்பொருள், மானத்தின் ஈடு, சட்டத்தின் தண்டனை, அன்பின் தூண்டுதல் ஆகிய இவற்றுள் எதையும் ஆதிச் சபையின் பொதுச் சங்கங்கள் விசுவாசப் பிரமாணமாக விதித்ததில்லை. கி.பி. 381-ஆம் ஆண்டுக் கான்ஸ்டான்டினோபிள் சங்கத்தின் பெயரால் வழங்கி, இன்றும் ஆலயங்களில் ஓதப்படும் அறிக்கை, அவர் நமக்காகச் சிலுவையில் அறையப்பட்டார் என்பதோடு நின்றுவிடுகிறது. எவ்வாறு என்பதை அது சொல்லவில்லை. அறைய உத்தரவிட்ட ரோம ஆளுநரின் பெயர் மாத்திரம் அதில் இருக்கிறது.