நினைவேக்கமும் ஆவணமும்: தமிழில் மேலைநாட்டுச் சித்திரக்கதைச் சேகரிப்பு

ஆய்வுச்சுருக்கம்

1972 முதல் தமிழில் வெளிவந்த மேலைநாட்டுச் சித்திரக்கதை இதழ்களை அக்கால வாசகர்கள் இன்றும் தேடிச் சேகரித்து வருகின்றனர். இச்சேகரிப்பு வெறும் இளமைக்கால ஏக்கம் என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. அந்த ஏக்கம் அயல்நாட்டு மூலத்தை நாடவில்லை என்பதையும், சிவகாசியில் உருவான தமிழ்ப் படியையே நாடுகிறது என்பதையும், அதற்கு அச்சுத்தொழில் சார்ந்த காரணம் உண்டு என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சித்திரக்கதை, முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், நினைவேக்கம், அச்சுப் பண்பாடு

முன்னுரை

தமிழ் அச்சு வரலாறு குறித்த ஆய்வுகள் சுவடிப் பதிப்பு, இதழியல், நாவல் ஆகியவற்றில் வேரூன்றியுள்ளன. சிறுவர் இதழ்கள் ஓரளவு கவனம் பெற்றுள்ளன. மொழிபெயர்ப்புச் சித்திரக்கதைகளோ இலக்கிய வரலாற்று நூல்களில் ஒரு பத்தியைக்கூடப் பெறுவது அரிது. எனினும் திருச்சிராப்பள்ளி, மதுரை, சென்னை போன்ற நகரங்களில் பழைய புத்தகக் கடைகளில் தேடப்படும் பொருள்களுள் இவையும் அடங்கும். ஆய்வுலகம் புறக்கணித்ததை வாசகர் பேணியுள்ளனர். இம்முரணே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

சிவகாசியும் மேலைநாட்டுச் சித்திரங்களும்

சௌந்திரபாண்டியன் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழாக 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’ வெளிவந்தது. இதன் மூலக்கதை 1962இல் ‘வேலியண்ட்’ என்னும் பிரித்தானிய வார இதழில் தொடங்கியது. கென் புல்மர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ வரைந்தார். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து எஃகுக் கை மட்டும் புலப்படும் நாயகனுக்கு, ‘மாயாவி’ என்னும் பழகிய தமிழ்ச் சொல்லே பெயராயிற்று. ஜானி நீரோ, லாரன்ஸ், டேவிட் ஆகியோரும் பிரித்தானிய இதழ்களிலிருந்தே தமிழுக்கு வந்தவர்கள்.

1984 ஜூலையில் இருவேறு முயற்சிகள் தோன்றின. சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் ‘கத்திமுனையில் மாடஸ்டி’ என்னும் இதழுடன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்ட் கதையுடன் வெளிவந்து 2005 வரை நீடித்தது. பின்னர் இத்தாலியின் டெக்ஸ் வில்லர், பெல்ஜியத்தின் லக்கி லூக், ‘கேப்டன் டைகர்’ எனத் தமிழ்ப் பெயர் பெற்ற பிரெஞ்சு நாயகன் புளூபெர்ரி ஆகியோரின் வழியே அமெரிக்க மேற்குப்புலக் கதைகள் தமிழில் நிலைபெற்றன.

கறுப்பு வெள்ளையின் காரணம்

சேகரிப்பாளர் உரையாடல்களில் கறுப்பு வெள்ளைப் படங்கள்மீதான பற்று மீண்டும் மீண்டும் வெளிப்படுகிறது. இதனை முதுமையின் பிடிவாதம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அக்காலத்தில் பெருவரவேற்புப் பெற்ற தொடர்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் ஒற்றுமை புலனாகிறது. இரும்புக்கை மாயாவி கறுப்பு மைக்காகவே வரையப்பட்டது. மாடஸ்டி, ஜேம்ஸ் பாண்ட் கதைகள் நாளிதழ்ப் பட்டைகளாக வெளிவந்தவை. 1948இல் போனெல்லி எழுத, கலெப்பினி வரையத் தொடங்கிய டெக்ஸ் வில்லரும் கறுப்பு வெள்ளை மரபைச் சார்ந்ததே. ஒளி நிழலைக் கோட்டாலும் மைத்திட்டாலும் காட்டும் இவ்வோவியங்கள் மலிவுத் தாளில், சிறிய அளவில் அச்சிடப்பட்டபோதும் ஆற்றல் குன்றவில்லை.

புளூபெர்ரியின் நிலை வேறு. சார்லியே எழுத, ஜான் ஜிரோ வரைந்த அத்தொடர் வண்ணத்தில் பதிப்பிக்கப்பட்டது. பாலைநிலத்தின் வெயிலும் மாலைப்பொழுதும் அங்கு வண்ணத்தால் உணர்த்தப்பட்டன. ‘தங்கக் கல்லறை’ தமிழில் முதலில் கறுப்பு வெள்ளையிலும், 2012இல் வண்ணத்திலும் வெளிவந்தது. ஒரே கதையின் இவ்விரு தமிழ்ப் படிகளையும் அருகருகே வைத்துப் படிப்பவர், தமிழ் வாசகரின் ஓவிய ரசனை எவ்வகை அச்சுக்குள் உருவானது என்பதை உணரலாம். எனவே கறுப்பு வெள்ளைப் பற்று மனநிலை மட்டுமன்று; அச்சு நிலைமையின் விளைவுமாகும்.

நினைவைச் சான்றாக்குதல்

நினைவு தேர்ந்தே வைத்துக்கொள்கிறது. நாயகனையும் அட்டைப்படத்தையும் நினைவில் வைத்திருக்கும் வாசகர் பலருக்குப் பிளாஸ்கோவின் பெயர் தெரியாது. பிரித்தானிய வார இதழ்கள் ஓவியர் பெயரைப் பொதுவாக அச்சிடவில்லை. தமிழிலும் மொழிபெயர்ப்பாளர், எழுத்து வரைந்தோர் பெயர்கள் பெரும்பாலும் பதிவாகவில்லை. நாம் போற்றும் இதழ் இருமுறை பெயர் இழந்த உழைப்பின் விளைவு. செவ்விந்தியரைக் காட்டுமிராண்டிகளாகச் சித்திரித்த கதைகளும் இந்த இனிய நினைவுக்குள் கேள்வியின்றி அடங்கிவிடுகின்றன. நவஹோ மக்களின் தலைவனாகவும் நண்பனாகவும் நடமாடும் டெக்ஸ் போன்ற விதிவிலக்குகளை அவற்றிலிருந்து பிரித்தறிய வேண்டியுள்ளது.

எனினும் குறையுள்ள சான்றும் சான்றே. ஸ்ரீரங்கத்தின் கோயிலொழுகு பல தலைமுறையினர் எழுதிச் சேர்த்த நினைவுப் பதிவு. அதன் மிகைகளை அறிந்தும் வரலாற்றாய்வாளர்கள் அதைக் கைவிடவில்லை. கல்வெட்டுகளுடன் ஒப்பிட்டுப் பயன்கொண்டனர். விஜயன் லயன் இதழ்களில் எழுதிய ‘சிங்கத்தின் சிறுவயதில்’ என்னும் நினைவுத் தொடரையும் சேகரிப்பாளர் கூற்றுகளையும் அவ்வாறே இதழ்ப் படிகளுடன் ஒப்பிட்டு அணுகுதல் தகும்.

ஒப்பிடுவதற்குப் படிகள் வேண்டும். விலைப்பட்டியல், வாசகர் கடிதம், விளம்பரம், வாடகை நூலக முத்திரை, முதல் உரிமையாளர் எழுதிய பெயர் ஆகியவை இதழின் பக்கங்களில்தான் உள்ளன. மறுபதிப்பில் அவை இடம்பெறுவதில்லை. மலிவுத்தாளோ ஆண்டுதோறும் பழுத்து உதிர்கிறது. சேகரிப்பாளர் மறைந்தபின் அவரது அலமாரி பழைய தாள் கடைக்குச் செல்லும் வாய்ப்பே மிகுதி.

முடிவுரை

கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்தவர். அவர் தனி ஆர்வத்தால் திரட்டிய நூல்களும் துண்டறிக்கைகளுமே அவரது மறைவுக்குப்பின், 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றன. ஒருவரது விருப்பம் ஒரு மொழியின் ஆவணமாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சித்திரக்கதைச் சேகரிப்புகளும் அந்நிலையை எய்தலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் தனியாரிடம் உள்ள இதழ்களின் கூட்டு அட்டவணையைத் தயாரிப்பதும், உரிமையாளர் இசைவுடன் பக்கங்களை மின்படியாக்குவதும், முதல் வாசகர் தலைமுறையின் வாய்மொழியைப் பதிவுசெய்வதும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளால் இயலக்கூடியவை. 1972இல் பத்து வயதில் முதல் இதழை வாங்கிய சிறுவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். தாளும் நினைவும் ஒருசேர மூப்படையும் இக்காலமே அப்பணிக்கு எஞ்சியுள்ள காலம்.