தற்கொலை முன்னறிகுறிகள்

ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் இருப்பதைச் சுற்றியிருப்போருக்கு உணர்த்தும் பேச்சு, நடத்தை, மனநிலை மாற்றங்கள் தற்கொலை முன்னறிகுறிகள் எனப்படும். முந்தைய முயற்சி, மனச்சோர்வு, குடிப்பழக்கம், கடன் ஆகிய இடர்க்காரணிகள் நெடுங்காலம் நிலவக்கூடியவை. முன்னறிகுறிகளோ ஆபத்து நெருங்குவதைக் காட்டுபவை.

“நான் இருந்து யாருக்கு என்ன லாபம்” என்பது போன்ற பேச்சு, தூக்கமின்மை, உறவினரிடமிருந்து ஒதுங்குதல், ஆசையாக வைத்திருந்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல் ஆகியன முக்கியமானவை. நெடுநாள் வாட்டத்துக்குப்பின் திடீரெனத் தோன்றும் அமைதி, தேறியதன் அடையாளமாகத் தவறாகக் கொள்ளப்படுவதுண்டு. சொல்பவர் செய்யமாட்டார் என்பது பரவலான, ஆபத்தான தவறெண்ணம். தற்கொலை எண்ணம் உண்டா என நேரடியாகக் கேட்பது அதைத் தூண்டுவதில்லை என ஆய்வுகள் காட்டுகின்றன. ஆபத்து உடனடியானதெனில் அவரைத் தனியே விடாமல் மருத்துவ உதவி பெறுதல் வேண்டும்.

உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மன் முதலியோர் 1958இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு மையம் இத்துறை ஆய்வுக்கு வலுவூட்டியது. சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் ‘சினேகா’ என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பை நிறுவினார். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது. அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மனஸ் (14416) 24 மணிநேரமும் இயங்குகிறது.