படுக்கையோடு பிறந்த காப்பீடு: குமுளி எல்லையும் உளச்சிகிச்சையின் கணக்கும்

நாள்தோறும் அதிகாலையில் கம்பம், கூடலூர் பகுதிகளிலிருந்து புறப்படும் ஜீப்புகள் குமுளி வழியாக மலையேறுகின்றன. ஏலத்தோட்டங்களில் பகற்பொழுது முழுதும் உழைத்துவிட்டு மாலையில் மலையிறங்கும் தமிழ்த் தொழிலாளர்கள் அவற்றில் பயணம் செய்கின்றனர். இவர்களுள் ஒருவருக்கு மனச்சோர்வு ஏற்பட்டு, வாரம் ஒருமுறை உளவியல் ஆலோசனை பெறுமாறு மருத்துவர் அறிவுறுத்தினால், அச்செலவை எந்தக் காப்பீடு ஏற்கும்? மனநோயும் உடல்நோயும் காப்பீட்டில் சமம் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. ஆயினும் நடைமுறையில் இத்தகைய ஆலோசனை அமர்வுகளுக்குப் பெரும்பாலான காப்பீடுகள் எதையும் வழங்குவதில்லை. இம்முரணுக்குக் காரணம் சட்டத்தின் போதாமை மட்டுமன்று. இந்திய மருத்துவக் காப்பீடு பிறந்த விதமே அதன் முதற்காரணம்.

மனநலச் சிகிச்சையின் பழைய வரலாறு சுவர்களின் வரலாறு. 1794இல் மதராஸில் தோன்றிய மனநோயாளர் காப்பகம் 1871இல் கீழ்ப்பாக்கத்திற்கு இடம்பெயர்ந்தது. 1912ஆம் ஆண்டின் சட்டம் நோயாளியைச் சிகிச்சைக்குரியவராகக் கருதியதைவிட அடைத்துவைக்க வேண்டியவராகவே கருதியது எனலாம். இந்நிலை 1982இல் அறிவிக்கப்பட்ட தேசிய மனநலத் திட்டத்தோடு மாறத் தொடங்கியது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் மேற்கொண்ட முன்மாதிரிப் பணியைப் பின்பற்றி, 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நோயாளி தம் ஊரில் இருந்தபடியே, புறநோயாளியாகச் சிகிச்சை பெறலாம் என்பது இதன் அடிப்படை. சிகிச்சை படுக்கையை விட்டு வெளியே வந்தது.

காப்பீடோ படுக்கையைப் பற்றிக்கொண்டது. பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் 1986இல் அறிமுகப்படுத்திய மெடிக்ளைம் பாலிசி, குறைந்தது 24 மணிநேரம் மருத்துவமனையில் தங்கியவருக்கே இழப்பீடு என்னும் விதியின்மீது அமைந்தது. இதற்குப் பின்னால் ஒரு கணக்கியல் தருக்கம் உண்டு. மருத்துவமனையில் சேர்வது அரிதாக நிகழ்வது, செலவு மிகுந்தது, ஆவணங்களால் எளிதில் உறுதிசெய்யத்தக்கது. மருத்துவரைக் காணச் செல்வதோ அடிக்கடி நிகழ்வது. ஒவ்வொரு முறையும் செலவு சிறியது. எத்தனை முறை தேவை என்பதை முன்கூட்டியே கூற இயலாதது. இவ்வளவுகோலின்படி உளச்சிகிச்சை அமர்வு காப்பீட்டிற்கு மிகவும் சங்கடமான ஒன்று. அதற்கு எக்ஸ்ரே இல்லை, முடிவுநாள் இல்லை. போதாக்குறைக்கு, பல பாலிசிகள் மனநோயையே விலக்குப் பட்டியலில் வைத்திருந்தன.

இதற்கு மாறான மரபொன்று மெடிக்ளைமுக்கு முன்பே இந்தியாவில் இருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் (இ.எஸ்.ஐ.) 1952இல் கான்பூரிலும் தில்லியிலும் செயலுக்கு வந்தது. அது புறநோயாளிச் சிகிச்சையை ஏற்றது. நோயால் வேலைக்குச் செல்ல இயலாத நாள்களுக்கு ஊதியத்தின் ஒரு பகுதியை வழங்கியது. நீண்டகால நோய்களுக்கான அதன் கூடுதல் உதவிப் பட்டியலில் மனச்சிதைவு போன்ற கடும் மனநோய்களும் இடம்பெற்றன. நோயின் விலையில் மருத்துவக் கட்டணம் மட்டுமன்றி இழந்த கூலியும் அடங்கும் என்னும் புரிதல் அதில் இருந்தது.

ஆனால் அம்மரபு பீர்மேடு மலைகளை எட்டவில்லை. தோட்டத் தொழிலாளருக்கு 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தனியே இயற்றப்பட்டது. மருத்துவ வசதி முதலாளியின் பொறுப்பாயிற்று. தோட்ட மருத்துவமனை காய்ச்சலுக்கும் காயத்திற்கும் பேறுகாலத்திற்கும் உரிய இடமாக இருந்தது. உளச்சிகிச்சை அதன் எல்லைக்குள் வரவில்லை. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் பீர்மேடு வட்டத்தில் சில தேயிலைத் தோட்டங்கள் மூடப்பட்டபோது, முதலாளியைச் சார்ந்திருந்த மருத்துவ வசதியும் உடன் சரிந்தது. ஏலத்தோட்டங்களை 1981ஆம் ஆண்டின் திருத்தம் இச்சட்டத்திற்குள் கொண்டுவந்தது. ஆயினும் 5 ஹெக்டேர் பரப்பும் 15 தொழிலாளரும் என்னும் வரம்பை எட்டாத சிறு தோட்டங்கள் பொதுவாக வெளியே நின்றன.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீக்கிரையாயினர். மனநோயாளியின் உரிமை குறித்த விவாதத்தை நாடெங்கும் எழுப்பிய நிகழ்வு அது. 2017ஆம் ஆண்டின் சட்டம் 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு வழங்கப்படுகிறதோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் வழங்க வேண்டும் என்று அதன் 21(4)ஆம் பிரிவு ஆணையிடுகிறது. 2018 ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இதைப் பின்பற்றுமாறு நிறுவனங்களைப் பணித்தது. மனநோயாளி ஒருவருக்கு இழப்பீடு மறுக்கப்பட்ட வழக்கில், சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்தே நிறுவனங்கள் அதற்குக் கட்டுப்பட்டவை என்று தில்லி உயர்நீதிமன்றம் 2021 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அதன்பின்னும் தயக்கம் நீடித்ததால், 2022 அக்டோபர் 31க்குள் எல்லாப் பாலிசிகளும் இதற்கு இணங்க வேண்டும் என்று ஆணையம் மீண்டும் அறிவுறுத்தியது.

'அதே அடிப்படை' என்னும் சொல்லில்தான் சிக்கல் உள்ளது. உடல்நோய்க்குப் புறநோயாளிச் செலவை ஏற்காத பாலிசி, மனநோய்க்கும் அதை ஏற்காதிருந்தால் சமத்துவம் மீறப்படவில்லை. அமெரிக்காவில் 2008இல் இயற்றப்பட்ட சமநிலைச் சட்டம், ஆலோசனை அமர்வுகளின் எண்ணிக்கைக்கு உடல்நோய்க்கு இல்லாத வரம்பு விதிப்பதைத் தடுத்தது. அங்கே காப்பீடு ஏற்கெனவே மருத்துவரைக் காணும் செலவை ஏற்றுவந்ததால் சமத்துவம் பொருளுடையதாயிற்று. இங்கே அது மறுப்பில் சமத்துவமாக நின்றுவிடுகிறது. மற்றொரு முரணும் உண்டு. மதுப்பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் 2017ஆம் ஆண்டின் சட்டம் மனநோய் என்னும் வரையறைக்குள் சேர்க்கிறது. மதுவடிமைச் சிகிச்சையை விலக்க 2019ஆம் ஆண்டின் காப்பீட்டு வழிகாட்டுதல்கள் இடமளித்தன.

அரசுத் திட்டங்களும் பெருமளவு இதே அச்சில் வார்க்கப்பட்டவை. தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும், கேரளத்தின் காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா பத்ததியும், 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டமும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சையையே மையமாகக் கொண்டவை. ஒரு மாநிலத்தில் குடும்ப அட்டையும் மற்றொரு மாநிலத்தில் கூலியும் உடைய தொழிலாளிக்கு எல்லைக்கோடு கூடுதல் இடர். ஆயினும் கோட்டின் எந்தப் பக்கம் நின்றாலும், படுக்கையில் சேராத நோய்க்குக் காப்பீடு அரிது.

2015-16இன் தேசிய மனநல ஆய்வு, மனச்சோர்வு, பதற்றம் உள்ளிட்ட பொதுவான மனநோய்களில் சிகிச்சை இடைவெளியைச் சுமார் 85 விழுக்காடு என மதிப்பிட்டது. இந்நோய்களில் பெரும்பாலானவற்றுக்குப் படுக்கை தேவையில்லை. தொடர்ந்து செல்லும் அமர்வுகளே தேவை. மாவட்ட மனநலத் திட்டத்தின் புறநோயாளிப் பிரிவுகளும், 2022இல் தொடங்கப்பட்ட 14416 என்னும் டெலிமானஸ் தொலைபேசிச் சேவையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆனால் மருத்துவமனைக்குச் செல்லும் நாளின் கூலியையும் பேருந்துச் செலவையும் ஈடுசெய்வார் இல்லை. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், தோட்டங்கள் இ.எஸ்.ஐ.யில் இணைய வழி திறந்தது. எனினும் அதைத் தோட்ட உரிமையாளரின் விருப்பத்திற்கே விட்டது. ஆலைத் தொழிலாளிக்கு 1948இல் உரிமையாக வகுக்கப்பட்டது, ஏலத்தோட்டத் தொழிலாளிக்கு இன்னும் முதலாளியின் விருப்பமாகவே இருக்கிறது.